நீலக்கோடு

நான் வாழ்நாளில் ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை. ஆனால் தூண்டில் சாமான் விற்கிற கடைக்காரருக்கு என்னை நன்றாகத் தெரியும். உள்ளே நுழைந்ததுமே, "இன்னைக்கும் நூல் மட்டும்தானா? முள்ளு வேண்டாமா?" என்று கேட்பார். வேண்டாம் என்பேன். முள் இல்லாமல் நூல் மட்டும் வாங்கிப் போகிறவன் என்ன பிழைப்புப் பிழைக்கிறான் என்று அவர் பல வருடம் யோசித்திருக்க வேண்டும். ஒருநாள் கேட்டேவிட்டார். சினிமாவில் கேமரா வேலை என்றேன். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால் சிரிப்பார், அவ்வளவுதான். நம்பவில்லை.

நீங்கள் நம்புவதற்காக இல்லாவிட்டாலும், எழுதிக்கொள்வதற்காகவாவது அதை விளக்கிவிடுகிறேன். கேமரா லென்ஸுக்கு முன்னால் ஒரு சதுரச் சட்டம் மாட்டுவோம். அதன் நடுவில் மேலிருந்து கீழாக ஒரே ஒரு நைலான் நூலை இழுத்துக் கட்ட வேண்டும். பிறகு எதிரே ஒரு சிறிய, கூர்மையான விளக்கை லென்ஸைப் பார்த்தபடி வைக்க வேண்டும். படத்தில் அந்த விளக்கிலிருந்து இடமும் வலமுமாக ஒரு வெளிச்சக் கோடு ஓடும், திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும். நூல் செங்குத்தாக நிற்கும், கோடு படுத்துக்கொண்டு வரும். நூல் லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால் அது படத்தில் தெரியாது. நீல நூல் கட்டினால் கோடும் நீலமாக இருக்கும். இதற்கென்றே செய்த லென்ஸ்கள் உண்டு. பிறகு கம்ப்யூட்டரில் வரைந்துகொள்ளலாம் என்கிறவர்களும் உண்டு. வரைந்த கோட்டையும் தானாக வந்த கோட்டையும் என்னால் ஒரு நொடியில் பிரித்துச் சொல்ல முடியும். நடிகரின் தலை விளக்கை மறைத்தால் தானாக வந்த கோடு அறுந்துபோகும். தலை நகர்ந்தால் திரும்ப வரும். வரைந்த கோட்டுக்கு அந்தப் பணிவு கிடையாது.

தொழிலில் என்னை எல்லோரும் 'நீலக்கோடு' என்றுதான் சொல்வார்கள். "நீலக்கோடு வந்தாச்சு, பாட்டை நிறுத்துங்கப்பா" என்று என் காதுபடவே சொல்வார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. எத்தனையோ ஒளிப்பதிவாளர்கள் இருக்கிறார்கள். படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களுக்கு அவர்களுடைய பெயர் தெரியாது. என் பெயரும் தெரியாதுதான், ஆனால் கோட்டைத் தெரியும்.

என் மைத்துனன், அதாவது என் மனைவியின் தம்பி, என்னிடம் பதினைந்து வருடம் ஃபோகஸ் பார்த்தான். நடிகர் நடக்கும்போது அவருக்கும் கேமராவுக்கும் நடுவில் உள்ள தூரம் மாறிக்கொண்டே இருக்கும். அதற்கேற்ப லென்ஸின் வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும். ஒரு விரற்கடை பிசகினால் முகம் மங்கிவிடும். மற்றவர்கள் சின்னத் திரையைப் பார்த்துத் திருப்புவார்கள். இவன் திரையை ஏறெடுத்தும் பார்க்க மாட்டான். கேமராவை ஒட்டி நின்றுகொண்டு, நடிகரை நேராகக் கண்ணால் அளந்தே திருப்புவான். "திரையில மங்கின பிறகு திருப்புறவன் ஃபோகஸ் பாக்கிறவன் இல்ல அத்தான், மன்னிப்புக் கேக்கிறவன்" என்பான்.

வீட்டிலும் அந்த வழக்கம் இருந்தது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, நீ இப்ப நிக்கிற இடம் ஒன்பது அடி நாலு அங்குலம்" என்பான். என் மனைவி பள்ளி ஆசிரியை, எதையும் சரிபார்க்காமல் விடமாட்டாள். டேப்பை எடுத்து வந்து அளப்பாள். ஒன்பது அடி நாலு அங்குலம் இருக்கும். "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க. இவன் முதல்ல ஆத்தையே அளந்துடுவான்" என்று சிரிப்பாள். அவனுக்கு ஏழு வயதிருக்கும்போது தாய் இறந்துவிட்டாள். என் மனைவிக்கு அப்போது பதினேழு. அன்றிலிருந்து அவனுக்கு அக்காதான் அம்மா. எங்கள் கல்யாணத்துக்கு அவள் போட்ட ஒரே நிபந்தனை, தம்பியும் கூடவே வருவான் என்பது. வந்தான். மாடியறை அவனுடையது ஆனது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவனும் கல்யாணம் வேண்டாம் என்று முப்பத்தெட்டு வயது வரை இருந்துவிட்டான். வீட்டில் மூன்று பேர், ஒரு குரல்கூட உயர்ந்ததில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்தால் இதையே சொல்வார்கள்.

அந்தக் கோட்டைக் கண்டுபிடித்தது யார் என்று முதல் நாளே கேட்டீர்கள். எட்டு வருடங்களுக்கு முன் ஒரு கார் விளம்பரம் எடுத்துக்கொண்டிருந்தோம். வர வேண்டிய லென்ஸ் வரவில்லை. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். என் மைத்துனன் எதிர்க் கடைக்குப் போய் ஒரு சுருள் நைலான் நூல் வாங்கி வந்து சட்டத்தில் கட்டினான். "பஸ் கண்ணாடியில வைப்பர் கோடு விழுந்திருந்தா எதிர் விளக்கெல்லாம் நீட்டமாத் தெரியும்ல அத்தான், அதேதான்" என்றான். நான் கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்தேன். அந்தக் கோட்டை உலகத்தில் முதன்முதலாகப் பார்த்தவன் நான். அவன் கட்டினான், நான் பார்த்தேன். கட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். பார்க்கத் தெரிந்தவன்தான் கண்டுபிடித்தவன் என்பது என் அபிப்பிராயம்.

பிறகு ஒரு விருது விழாவில் மேடையில் கேட்டார்கள், இந்தக் கோடு எப்படி வந்தது என்று. ஒருநாள் தோன்றியது என்றேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த என் மைத்துனன் எல்லோருக்கும் முன்னால் கை தட்டினான். வீட்டுக்கு வரும் வழியில் காரில் ஒரே ஒரு தடவை கேட்டான். "அடுத்த படத்துல டைட்டில்ல, கோடு பத்தி ஏதாவது, என் பேரும் ஒரு ஓரமா வருமா அத்தான்?" அடுத்த படத்தில் பார்க்கலாம் என்றேன். அதற்கப்புறம் ஒன்பது படம் செய்தோம். அவன் திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இந்த வருடம் நாங்கள் வேலை செய்த படத்தின் இயக்குநர் ஒரு பெண்மணி. அதிகம் பேசமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மைத்துனன் கையில் ஒரு கேக் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். அக்காவை நாற்காலியில் உட்கார வைத்தான். "மேடம் அடுத்த படத்தை என்னைப் பண்ணச் சொல்லிட்டாங்க. ஃபோகஸ் இல்லக்கா, கேமராமேன். கோடு என்னோடதுன்னு அவங்களுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு. நான் சொல்லல அத்தான், சத்தியமா நான் சொல்லல" என்றான். என் மனைவி அவன் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு அழுதாள். நான் எழுந்து அவனுக்குக் கை கொடுத்தேன். கேக்கை நான்தான் வெட்டினேன்.

அப்போது எனக்குப் பொறாமை வந்ததா என்று நீங்கள் சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள். வரவில்லை. நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், ஒன்றுமே வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது. அவனைப் பற்றிக் கவலைதான் வந்தது. ஃபோகஸ் பார்ப்பது வேறு, நூறு பேரை நிற்க வைத்துக்கொண்டு முடிவெடுப்பது வேறு. அவன் இளகின மனதுக்காரன். ஒரு படத்தில் சறுக்கினால் திரும்ப ஃபோகஸுக்கு வர முடியாது, ஒளிப்பதிவும் கிடைக்காது. இரண்டுங்கெட்டானாக நிற்பான். அந்தப் படம் மூன்று வாரத்தில் ஆரம்பமாக இருந்தது. ஆரம்ப நாளில் அவனால் போக முடியாமல் இருந்தால் அவனுக்கு நல்லது என்று எனக்குத் தோன்றியது. பெரியவர்கள் இப்படித்தான் யோசிப்பார்கள்.

அந்த வியாழக்கிழமை ஒரு பழைய கிடங்கில், கையிலிருந்த படத்தின் கடைசி நாள் படப்பிடிப்பு. ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் மூடி, பகலை இருட்டாக்கியிருந்தோம். நாயகன் கோடியில் இருக்கும் வெளிச்சத்திலிருந்து கேமராவை நோக்கி நடந்து வர வேண்டும். கோடியில் ஒரு பெரிய எச்.எம்.ஐ விளக்கு, பகல் வெளிச்சம் தருகிற வகை, லென்ஸைப் பார்த்தபடி நின்றது. அந்த விளக்கின் முகத்தில் கனமான கண்ணாடி ஒன்று இருக்கும். வெளிச்சத்தில் உள்ள கெட்ட கதிர்களை அதுதான் தடுத்து நிறுத்துகிறது. கண்ணாடிக் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் ஒரு சின்ன சுவிட்ச் விளக்கைத் தானாக அணைத்துவிடும். யாரும் தெரியாமல்கூடக் கண்ணாடி இல்லாமல் எரிக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

கண்ணாடி இருந்தால் வெளிச்சம் பரந்து வரும், கோடு தடித்துச் சோம்பலாக இருக்கும். கண்ணாடியை எடுத்துவிட்டால் உள்ளே எரிவது ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளியிலிருந்து வரும் கோடு பிளேடால் கீறியது போல இருக்கும். சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். லைட்மேனிடம், நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், விளக்கை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "நீங்க எதுக்கு சார் கஷ்டப்படுறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் கண்ணாடிக் கதவைக் கழற்றி மரப்பெட்டிக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். சுவிட்சில் ஒரு அட்டைத் துண்டை மடித்துச் செருகி டேப் ஒட்டினேன். விளக்கின் இரண்டு பக்கமும் உள்ள தகரத் தடுப்புகளை ஒடுக்கிவிட்டேன், பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது. நேரே பார்க்கிற ஒருவனுக்குத்தான் தெரியும். நேரே பார்க்கிறவனுக்கு வெளிச்சத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது.

யார் யார் அந்த வெளிச்சத்தில் இருந்தார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நாயகன் விளக்குக்கு முதுகைக் காட்டி நடந்து வருகிறார். மறுநாள் கழுத்தெல்லாம் வெயில் பட்டது போலச் சிவந்திருந்ததாகச் சொன்னார்கள், இரண்டு நாளில் சரியாகிவிட்டது. இயக்குநரும் மற்றவர்களும் கறுப்புத் துணிக்குப் பின்னால் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கேமராவுக்குப் பின்னால். லென்ஸின் கண்ணாடிகள் என்னைக் காப்பாற்றும். மொத்தக் கிடங்கிலும் வெறும் கண்ணோடு அந்த விளக்கை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றவன் ஒருவன்தான். திரையைப் பார்த்து ஃபோகஸ் செய்கிற சாதாரண ஆளாக இருந்திருந்தால் அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

மூன்றாவது டேக்கிலேயே கோடு வந்துவிட்டது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு கோட்டைப் பார்த்ததில்லை. இயக்குநர் துணிக்குப் பின்னாலிருந்து, "சூப்பர் சார், போதும்" என்றார். இன்னொன்று போகலாம் என்றேன். பதினான்கு டேக் எடுத்தேன். ஒன்பதாவது டேக்கின் முடிவில் என் மைத்துனன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இன்னைக்கு விளக்கு ஏதோ முறைக்குது அத்தான்" என்றான். "நீ திருப்பி முறைடா மாப்ளே" என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஒரு டேக்கில்கூட முகம் மங்கவில்லை. அவன் வேலை அவ்வளவு சுத்தம்.

பதினான்காவது டேக் முடிந்து எல்லோரும் தேநீர் குடிக்கப் போனபோது கண்ணாடியை மறுபடி மாட்டினேன். அட்டைத் துண்டை எடுக்க மறந்துவிட்டேன். உங்களுக்கு அது கிடைத்திருக்கிறது. லைட்மேன் மாட்டிக்கொண்டதும் அதனால்தான்.

அன்று இரவு வீட்டில் தட்டின் முன் உட்கார்ந்தபோது அவனுக்கு வலி ஆரம்பித்தது. அந்த வலி உடனே வராது, ஆறேழு மணி நேரம் கழித்துத்தான் வரும். "கண்ணுல மண்ணை அள்ளிக் கொட்டின மாதிரி இருக்குக்கா" என்று மேசையைப் பிடித்துக்கொண்டான். கண்ணைத் திறக்க முடியவில்லை, நீர் கொட்டிக்கொண்டே இருந்தது. என் மனைவி உடனே அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக் கிளம்பினாள். நான்தான் அவளை உட்கார வைத்தேன். "விளக்கு வேலையில இது சகஜம். எனக்கே ரெண்டு தடவை வந்திருக்கு. மூணு நாள் இருட்டு அறையில இருந்தா தானா போயிடும்" என்றேன். நான் சொன்னது முழு உண்மை. எந்தக் கண் மருத்துவரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார். மூன்று நாளில் போயிருக்கும்.

மூன்று நாள் எனக்குப் போதாது என்பதுதான் விஷயம். படம் ஆரம்பிக்க இன்னும் பதினைந்து நாளுக்கு மேல் இருந்தது.

சில வருடங்களுக்கு முன் என் கண்ணில் இரும்புத் துகள் ஒன்று விழுந்தது. அதை எடுப்பதற்கு முன் மருத்துவர் ஒரு சொட்டு மருந்து விட்டார். கண் மரத்துப்போயிற்று, வலி போன இடம் தெரியவில்லை. இதையே வீட்டுக்குக் கொடுங்களேன் என்று கேட்டேன். "கொடுக்கவே கூடாது சார். வலி தெரியாது, ஆனா புண்ணை ஆறவும் விடாது. தினமும் விட்டா கருவிழி கரைஞ்சு ஓட்டை விழுந்துடும். வெல்டிங் பட்டறை ஆளுங்க சில பேர் இப்படித்தான் கண்ணைத் தொலைச்சிருக்காங்க" என்றார். நல்ல மனிதர், பொறுமையாக விளக்கினார். அதே மருந்தை இப்போது எங்கே வாங்கினேன், யார் கொடுத்தார்கள் என்பதைத் தனியாக எழுதிக் கொடுக்கிறேன். கண் வறட்சிக்கு விடுகிற சாதாரண மருந்து எங்கள் வீட்டில் இருந்தது. அதன் லேபிளை வெந்நீர் ஆவியில் உரித்து இந்தப் பாட்டிலின் மேல் ஒட்டினேன்.

என் மனைவி காலையில் பள்ளிக்குப் போய்விடுவாள். எனக்கு அப்போது வேலை இல்லாத இடைவெளி. அவனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "மணிக்கொரு தரம் மருந்து விடுங்க, மறந்துடாதீங்க" என்பாள். நான் மறக்கவில்லை. மாடியறைக்கு இரட்டைத் திரை போட்டேன். ஈரத்துணி மாற்றினேன். சோறு பிசைந்து ஊட்டினேன். குளியலறைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனேன். செய்தித்தாள் வாசித்துக் காட்டினேன். பதினைந்து வருடத்தில் நாங்கள் இருவரும் அவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்ததில்லை. ஒரு சொட்டு விழுந்ததும் அவன் முகம் தளர்ந்துவிடும். "உங்க கை பட்டாலே வலி போயிடுது அத்தான். அக்கா விட்டா இப்படி இல்ல" என்பான். அக்காவும் அதே பாட்டிலிலிருந்துதான் விட்டாள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்குத் தெரியாது.

நான்காம் நாள் வலி குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. மருந்தின் வேகம் தீர்ந்ததும் முன்பைவிட அதிகமாக வந்தது. மணிக்கொரு தரம் என்பது அரை மணிக்கொரு தரம் ஆயிற்று. அன்று நான் கொஞ்சம் திரையை விலக்கினேன். மேசை விளக்கைப் போடச் சொல்லிக் கேட்டான். போட்டேன். கண்ணைப் பாதி திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "அத்தான், விளக்கு முழுக்கக் கோடாத் தெரியுது. நூல் கட்டாமலே வருது" என்றான். என்ன நிறம் என்று கேட்டேன். "நிறமில்ல, வெள்ளையா இருக்கு. கொஞ்சம் தடிமன் ஜாஸ்தி. மேடம்கிட்ட சொல்லணும், இனிமே லென்ஸ் செலவும் மிச்சம்" என்றான். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் சந்தேகம் வந்திருக்கும் என்பதற்காகச் சிரித்தேன் என்று நீங்கள் எழுதுவீர்கள். அப்படியில்லை, அது நல்ல நகைச்சுவை.

அன்று நிறுத்தியிருந்தால் கண் பிழைத்திருக்கும் என்று ஆஸ்பத்திரிக் குறிப்பில் இருப்பதாகச் சொன்னீர்கள். எனக்கும் அன்றே அது தெரிந்தது. மாடியிலிருந்து இறங்கிச் சமையலறையில் கொஞ்ச நேரம் நின்றேன். பாட்டிலைக் குப்பையில் போடலாம் என்று நினைத்தேன். அப்போது மேலேயிருந்து, "அத்தான், மருந்து" என்று கூப்பிட்டான். போய் விட்டேன். அதற்குப் பிறகு இரண்டு பாட்டில் வாங்கினேன். வலியோடு ஒருவன் கேட்கும்போது எப்படி இல்லையென்பது? நீங்களாக இருந்தாலும் விட்டிருப்பீர்கள்.

ஆஸ்பத்திரி விஷயத்தில் என் மனைவி தினமும் கேட்டாள். எனக்குத் தெரிந்த பெரிய டாக்டரிடம் போனில் பேசிவிட்டேன், வெளிச்சத்தில் கூட்டிப்போனால் கெட்டுவிடும் என்கிறார், இன்னும் இரண்டு நாள் என்று சொல்லிவந்தேன். அவள் என்னை நம்பினாள். இருபத்திரண்டு வருடம் நம்பியவள். பத்தாம் நாள் பள்ளிக்கு விடுமுறை. அவள் மாடிக்குப் போய், திரைகளைத் திறந்துவிட்டு, தம்பியின் இமையைப் பகல் வெளிச்சத்தில் விரலால் விலக்கிப் பார்த்தாள். கருவிழி இருந்த இடத்தில் பால் சிந்தியது போல வெள்ளையாக இருந்தது. அவள் என்னைக் கூப்பிடவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். இடது கண்ணில் பகலா இரவா என்பது தெரிகிறது, எதிரே நிற்பது யார் என்பது தெரியாது. இனி தெரியப்போவதும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு இயக்குநர் வந்தார். போகும்போது, படம் நின்றால் அவன் இன்னும் உடைந்துவிடுவான், அவனே உங்களைத்தான் சொல்கிறான், நீங்கள் செய்துகொடுப்பீர்களா என்று கேட்டார். படம் நிற்கக் கூடாதே என்று ஒப்புக்கொண்டேன். ஆறு நாள் வேலையும் செய்தேன். நூல் கட்டித்தான் எடுத்தேன். நன்றாக வந்திருக்கிறது, வேண்டுமானால் பார்க்கலாம்.

ஏழாம் நாள் மாலை நான் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் அந்தப் பாட்டில். மாடியறையைக் கூட்டும்போது கட்டிலுக்கு அடியில் கிடைத்திருக்கிறது. வருடா வருடம் நூற்றுக்கணக்கான நோட்டுப் புத்தகங்களுக்கு லேபிள் ஒட்டுகிறவள் அவள். இந்த லேபிள் பாட்டிலின் சுற்றளவைவிட நீளமாக இருந்து, ஒரு முனை மறுமுனை மேல் ஏறியிருந்தது. அதை உரித்துப் பார்த்திருக்கிறாள், அடியில் வேறொரு லேபிள்.

"இதுல என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"மருந்துதான்."

"என்ன மருந்துன்னு கேக்கிறேன்."

சொன்னேன். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை, கேட்காததைச் சொல்லாமல் இருந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

"அவன் உங்களை என்னங்க பண்ணான்?" என்றாள். அவன் என்னை ஒன்றும் செய்யவில்லை. அதைச் சொன்னேன். அவள் அழவில்லை. "நானும் விட்டேனே, என் கையாலயும் விட்டேனே" என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு எழுந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், ரொம்ப நேரம் கழுவினாள். மறுநாள் உங்களிடம் வந்திருக்கிறாள். அவள் எழுதிக் கொடுத்த புகாரைக் காட்டினீர்கள். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

மூன்று நாள் இங்கே நான் வாய் திறக்கவில்லை. என் வக்கீலும் திறக்க வேண்டாம் என்றார். உங்களிடம் இருப்பது ஒரு பாட்டில், ஒரு அட்டைத் துண்டு, கோபத்தில் இருக்கும் ஒரு மனைவி. அட்டைத் துண்டுக்கு லைட்மேன் உள்ளே இருக்கிறார். லேபிளைக் கடையிலேயே மாற்றி ஒட்டியிருக்கலாம். அறியாமல் செய்த உபகாரம் என்று முடிந்துவிடும், வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

நேற்று நீங்கள் என் மைத்துனனின் வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். அதைக் கேட்டு நான் உடைவேன் என்று எதிர்பார்த்தீர்கள். உடைந்துவிட்டதாக நினைத்துத்தான் இன்று டேப் ரெக்கார்டரை எடுத்து வந்திருக்கிறீர்கள். மனசாட்சி உறுத்திவிட்டது என்று உங்கள் மேலதிகாரியிடம் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அவன் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "எங்க அத்தான் மேல ஒரு தப்பும் இல்ல சார். வலி தாங்காம நான்தான் விடுங்க விடுங்கன்னு கேட்டேன். அக்கா ஏதோ ஆத்திரத்துல பேசுறா. அத்தானுக்கு மருந்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. விளக்கைப் பத்திகூட அவ்வளவாத் தெரியாது. டெக்னிக்கல் விஷயமெல்லாம் நான்தான் சொல்லிக் கொடுப்பேன். அந்தக் கோடுகூட நான் சொல்லிக் கொடுத்ததுதான். அவருக்கு எப்படி சார் இதெல்லாம் தெரியும்?"

அவன் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னான் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. நல்ல பையன். நேற்று முழுவதும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். என் படப்பிடிப்பில், என் கேமராவுக்கு முன்னால், எனக்குத் தெரியாமல் ஒரு விளக்கு எரியாது. லைட்மேனை இன்றே விட்டுவிடுங்கள், இந்த வேலையெல்லாம் அவருக்கு வராது. கண்ணாடியைக் கழற்றியது நான். சுவிட்சைக் கட்டியது நான். அவன் எங்கே நிற்பான், எதைப் பார்ப்பான், எத்தனை டேக் தாங்குவான் என்று கணக்குப் போட்டது நான். அந்த மருந்து என்ன செய்யும் என்று தெரிந்து, முதல் சொட்டிலிருந்து கடைசிச் சொட்டு வரை தெரிந்தேதான் விட்டேன். இதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள். அவன் வாக்குமூலத்தில் மற்றதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும், கடைசி இரண்டு மூன்று வரிகளை மட்டும் அடித்துவிடுங்கள். எனக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை.